கை நனைக்காத மதியம்

பழைய கட்டடங்களில் போய்ச் சாப்பிடும் பழக்கம் எனக்கு ஷிஃப்டு வேலையால் வந்தது. கூலிமில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. எங்கள் கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும்; எங்கள் ஓய்வு அந்த நாட்களில் விழுவது அபூர்வம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஊரெல்லாம் வேலையில் இருக்கும்போது, நமக்கு மட்டும் விடுமுறை என்றால் எங்கே போவது? பேரங்காடிக்குப் போகலாம். அங்கே நடந்து நடந்து கால்தான் வலிக்கும்.

அதே ஷிஃப்டில் பக்கத்துப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். கம்பெனி பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை முன்னால் உட்காருவாள். முதல் தடவை நாங்கள் ஒன்றாகக் காப்பி குடித்தது ஒரு பழைய கடை வரிசையில். தரையில் பூப்போட்ட ஓடு, மரப் படிக்கட்டு, உயரமான கூரை. மின்விசிறியைப் போடாமலே குளிர்ச்சியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு ஓய்வு நாளும் அப்படி ஓர் இடத்தைத் தேடிப் போனோம். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த மரவீடு ஒன்றில் மீ கோரேங் நூடுல்ஸ் போட்டார்கள். இன்னொரு கடை முன்பு கிளினிக்காக இருந்தது. மருந்து கொடுத்த அந்தச் சின்னச் சன்னல் வழியாகத்தான் காப்பியை நீட்டினார்கள். காப்பியை வாங்கும்போது அவள் இரண்டு தடவை இருமிக் காட்டினாள்.

இந்தக் கட்டடங்களில் எல்லாம் சுவரில் ஒரு பலகை இருக்கும். யார் கட்டியது, என்னவாக இருந்தது என்று எழுதியிருப்பார்கள். நான் அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட்டுத்தான் உட்காருவேன். எங்கள் குடும்பத்தில் ஆறாம் ஆண்டைத் தாண்டிப் படித்தவன் நான்தான். சிறுவயதிலிருந்தே வீட்டுக்கு வரும் எந்தக் காகிதத்தையும் நான்தான் படித்துச் சொல்வேன். அதனால் எழுத்தைக் கண்டால் விட முடியாது.

"நீ சாப்பிட வந்தியா, செவுர படிக்க வந்தியாலா?" என்பாள் அவள்.

எனக்கு அந்தச் சுவர்கள் பிடித்ததற்குக் காரணம் உண்டு. அப்பா பிறந்து வளர்ந்த தோட்டத்து லயன் வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். இப்போது நாங்கள் பீடோங்குக்கு வெளியே இரண்டு அறை மலிவு வீடு ஒன்றில் இருக்கிறோம். கதவை வேகமாகச் சாத்தினால் பக்கத்து வீட்டுக் காலண்டர் விழும். இரண்டு முழம் தடிப்புள்ள சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தால் நானும் கொஞ்சம் தடிப்பான ஆள்போல எனக்குத் தோன்றும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனபின், அவள் தன் வீட்டில் என்னைப் பற்றிச் சொன்னாள். அவள் அப்பா பெண்டாங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவர். மிளகாய், மஞ்சள், பருப்பு, பூசைச் சாமான். கடைக்கு மேலேயே வீடு. அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. "பெரியவங்க பாத்துப் பேசட்டும், அப்பறம் சொல்றேன்" என்றாராம். அந்த ஒரு சந்திப்பில்தான் எல்லாம் இருந்தது. அதற்குப் பிறகு அவர் சொல்வதை மீறி அவள் எதுவும் செய்ய மாட்டாள். அதை என்னிடம் முதல் மாதமே சொல்லியிருந்தாள்.

முறைப்படி அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். நான் எங்கள் ஹாலை நினைத்துப் பார்த்தேன். அப்பாவின் மோட்டார் சைக்கிளும் என்னுடையதும் அங்கேதான் நிற்கும். வெளியே வைத்தால் களவு போய்விடும். தரையில் எண்ணெய்க் கறை. மோட்டார்களுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவில் நான்கு நாற்காலி போடலாம். ஐந்தாவது ஆள் மோட்டார் மேல்தான் உட்கார வேண்டும்.

அதனால் ஓர் உணவகத்தில் சந்திக்கலாம் என்றேன். அலோர் ஸ்டாரில், ஆற்றுக்குப் பக்கத்தில், பழைய நெல் வியாபாரி ஒருவரின் கடைவீட்டை உணவகமாக்கியிருந்தார்கள். அவளும் நானும் இரண்டு முறை போயிருக்கிறோம்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கும்" என்று அவளிடம் சொன்னேன்.

"அலோர் ஸ்டார் நடுவுலயா? நீ மேப்ப பாத்தியா? எங்க ஊரத் தாண்டிப் போகணும்லா."

"இடம் நல்லாருக்கும்ல."

அவள் அதோடு விட்டுவிட்டாள். காரணம் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தேன். கெடாவில் அது வேலை நாள், உணவகம் காலியாக இருக்கும். அப்பாவுக்குத் தோட்டத்தில் அன்று ஓய்வு. ஒரு வாரம் முன்பே போன் போட்டு, மாட்டிறைச்சி எதிலும் சேரக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி, சாப்பாட்டுக்கும் சொல்லி வைத்துவிட்டேன். மீன் குழம்பு, கோழி, கீரை, பருப்பு, மூலிகை இலைகளைப் பொடியாக நறுக்கிக் கலந்த சோறு. நாங்கள் உட்கார்ந்து கால் மணி நேரத்தில் மேசைக்கு வந்துவிட வேண்டும் என்றும் சொன்னேன். வேலை இடத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே அடுக்கி வைக்கும் புத்தி.

அன்று நண்பனிடம் இரவல் வாங்கிய காரில் அம்மா பட்டுப்புடவையில் பின்னால் உட்கார்ந்திருந்தார். அப்பா முழுக்கைச் சட்டையின் பொத்தானை மணிக்கட்டு வரை போட்டிருந்தார். நெடுஞ்சாலையில் பெண்டாங் பலகை வந்தது, போனது.

"சம்பந்தி ஊரத் தாண்டிப் போய் சம்பந்தியப் பாக்கப் போறோம்" என்றார் அம்மா.

"இன்னும் சம்பந்தி ஆகல. செத்த சும்மா இரு" என்றார் அப்பா.

அவர்கள் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். அவள் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவள் எனக்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் அப்பா வாசல் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருந்த பழைய இரும்புத் தராசின் முன்னால் நின்றிருந்தார். நெல் மூட்டை நிறுத்த தராசு. குனிந்து, அதன் எடைக்குண்டை விரலால் நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை.

"பெயிண்ட் அடிச்சு ஒட்ட வச்சிட்டானுங்கண்ணே" என்று என் அப்பாவிடம்தான் முதல் வார்த்தை பேசினார். "நல்ல சாமான். இனி எடை காட்டாது."

அப்பாவும் குனிந்து பார்த்தார். "ஆமாங்க. அழகுக்கு வச்சிருக்காங்க."

எனக்கு நிம்மதியாக இருந்தது. நடுமுற்றத்தின் ஓரமாக நீண்ட மேசையில் எங்களுக்கு இடம் போட்டிருந்தார்கள். மேலே கூரை திறந்திருந்தது. வெயில் தரை ஓடுகளின் மேல் சதுரமாக விழுந்திருந்தது. சுவரில் அந்தப் பலகை. பேச்சு அறுந்துபோன ஓர் இடத்தில் நான் அதைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன்: கீழ்த்தளத்தில் நெல் மூட்டைகள் இருந்தன, மாடியில் வியாபாரியின் குடும்பம் இருந்தது, தண்ணீர் ஏறும் காலத்தில் மூட்டைகளையும் மாடிக்கு ஏற்றினார்கள்.

"கீழ மூட்டை, மேல குடும்பம்" என்றார் அவள் அப்பா. "எங்க வூடும் அதே கததான் தம்பி. இதுக்கு எதுக்குப் பலகை?"

அவள் அம்மா சிரித்தார். அப்போதுதான் சாப்பாடு வந்தது.

ஆறு பேருக்கான சாப்பாடு. பரிமாறிய மலாய்ப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும், ஒவ்வொரு தட்டாக அடுக்கினார். மீன் குழம்பின் ஆவி முகத்தில் அடித்தது. நான் சோற்றுக் கரண்டியை எடுக்கக் கை நீட்டினேன். மேசைக்கு அடியில் அப்பா என் முழங்காலை அழுத்தினார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண் பார்க்கவோ மாப்பிள்ளை வீடு பார்க்கவோ போனால், பேச்சு முடிந்து சரி என்று சொல்லும் வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். தண்ணீர்கூடக் குடிக்காத குடும்பங்கள் உண்டு. எனக்கு அது தெரியும். ஆனால் அது வீடுகளுக்கு உள்ள பழக்கம், உணவகம் யார் வீடும் இல்லையே என்று நினைத்திருந்தேன். நினைத்திருந்தேன் என்பதுகூடப் பொய். அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. பலகையைப் படித்த அளவுக்கு மனிதர்களைப் படிக்கவில்லை.

"அக்கா, நீங்க எடுத்துக்குங்க" என்றார் அவள் அம்மா, மரியாதைக்கு.

"இல்லக்கா, நீங்க மொதல்ல" என்றார் என் அம்மா, அதே மரியாதைக்கு.

இருவரும் ஒருவரை ஒருவர் அக்கா என்றார்கள். இருவர் கையும் மடியில் இருந்தது.

பேச்சு தொடர்ந்தது. எத்தனை வருடம் வேலை, இராத்திரி ஷிஃப்டு எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை, மேலே படிக்கும் எண்ணம் உண்டா. நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். குழம்பின் மேல் ஆவி குறைந்தது, பிறகு நின்றது. என் அப்பா தோட்டத்தில் செம்பனைப் பழக்குலை வெட்டுகிறவர். பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் பழகிய வயிறு. அப்போது மணி ஒன்றரை. அவர் எச்சில் விழுங்குவது எனக்குக் கேட்டது.

பரிமாறிய பெண்மணி திரும்பி வந்தார். தொடாத தட்டுகளைப் பார்த்து முகம் வாடிவிட்டது. "அவாட் தக் மாக்கான்? தக் செடாப் கா?" ஏன் சாப்பிடவில்லை, ருசியாக இல்லையா என்று கெடா மலாயில் கேட்டார்.

அவள் அப்பா அதே கெடா மலாயில், கடைக்கு வரும் ஆட்களிடம் பேசுவதுபோல, காக் என்று அக்கா முறை வைத்து அழைத்து, சாப்பாட்டில் குறை இல்லை, எங்கள் பேச்சு இன்னும் முடியவில்லை என்றார். அந்தப் பெண்மணி என் அம்மாவின் பட்டுப்புடவையைப் பார்த்தார். தலை குனிந்திருந்த அவளைப் பார்த்தார். வியர்த்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார்.

"ஓ. மெரிசெக்" என்றார். பெண் கேட்டுப் பேச வருவதற்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் அது. உள்ளே போய், மலாய் வீடுகளில் ஈ மொய்க்காமல் சாப்பாட்டை மூடி வைக்கும் பெரிய பின்னல் கூடைகள் இரண்டைக் கொண்டுவந்து, தட்டுகளின் மேல் கவிழ்த்துவிட்டுப் போனார். அவசரமில்லை என்று சைகை காட்டினார்.

இப்போது இரண்டு கூடைகளைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்திருந்தோம். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஒண்ணு கேக்குறேன் தம்பி, தப்பா எடுத்துக்காத" என்றார் அவள் அப்பா. "ஒங்க வூட்டுக்கு ஏன் எங்களக் கூப்பிடல?"

"இங்க வசதியா இருக்கும்னு, அங்கிள்."

"வசதிதான். நான் சாமான் விக்கிறவன். வாய்ப்பக்கம் இருக்கறத மட்டும் பாத்து மூட்டை எடுக்க மாட்டேன். அடியில கைய விட்டுப் பாப்பேன். ஒங்க ஊரு பக்கத்துலதான இருக்கு. எங்களயும் எதிர்ப்பக்கம் வர வச்சு, நீங்களும் எங்க ஊரத் தாண்டி வந்து, எதுக்கு இவ்ளோ தூரம்?"

தயாராக வைத்திருந்த பதில் ஒன்று இருந்தது. பழைய கட்டடம், அமைதியான இடம் என்று. அதை விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

"வூடு சின்னது அங்கிள். ஹால்ல ரெண்டு மோட்டார் நிக்கும். ஆறு பேரு உக்கார எடம் இல்ல." கூடையைப் பார்த்துச் சொன்னேன்: "எனக்கு வெக்கமா இருந்துச்சு."

அம்மா தரை ஓட்டைப் பார்த்தார். அப்பா சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சொல்லிருந்தா ரெண்டு மோட்டாரையும் வெளிய எடுத்து வச்சிருப்பேன்லா" என்றார் அப்பா. என்னிடம் இல்லை, மேசையிடம் சொன்னதுபோல இருந்தது.

அவள் அப்பா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார். "சரிங்கண்ணே. வூட்டுல போய்ப் பேசிட்டு சொல்றோம்."

எங்கள் பக்கத்தில் முடியாது என்பதையும் இதே வார்த்தைகளில்தான் சொல்வார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகுதான் மேசை நினைவுக்கு வந்தது. "இவ்ளோ சோத்த விட்டுட்டா போறது?" என்றார் அப்பா. அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

"பாவம், ஆக்குனவங்களுக்கும் மனசு கஷ்டம். கட்டச் சொல்லுங்க" என்றார் அவள் அப்பா.

"நீங்க எடுத்துட்டுப் போங்க."

"இல்லண்ணே, நீங்க கொண்டு போங்க. தம்பி சொல்லி வச்சது."

"ஒங்களுக்குன்னு சொன்னதுதான."

இரண்டு பேரும் நின்றுகொண்டே இருந்தார்கள். கடைசியில் பாதிப் பாதி என்று ஆயிற்று. அந்தப் பெண்மணி வெள்ளைப் பெட்டிகளும் குழம்புக்கு நெகிழிப் பைகளும் கொண்டுவந்து கட்ட ஆரம்பித்தார். அவள் அப்பா இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "குடுங்க காக்" என்று பையை வாங்கிக்கொண்டார். கடைக்காரர் கை. குழம்பை ஊற்றி, வாயை முறுக்கி, ரப்பர் வளையத்தை மூன்று சுற்றுச் சுற்றி ஒரு இழுப்பு. சொட்டு சிந்தவில்லை. மீன் துண்டுகளைச் சமமாகப் பிரித்தார். ஒற்றையாக ஒரு தலைத் துண்டு மிஞ்சியது. அதை எங்கள் பெட்டியில் வைத்தார். அதற்கு ஏதாவது அர்த்தம் இருக்குமா என்று நான் வழியெல்லாம் யோசித்தேன்.

வாசலில் அவள் என் பக்கமாக வந்து, "கால் பண்ணாத. நானே மெசேஜ் போடுறேன்" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் வழியில் பெண்டாங் பலகை மறுபடி வந்து போனது. குருணை நெருங்கினோம். வலப்பக்கம் ஜெராய் மலை மேகத்துக்குள் இருந்தது. காரெல்லாம் மீன் குழம்பு வாசம்.

"வெக்கமா இருந்துச்சா?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டார்.

"ம்."

"வூட்ட நெனச்சா, எங்கள நெனச்சா?"

"வூட்டத்தான்மா."

"அத அங்கயே சேத்து சொல்லிருக்கலாம்" என்றார்.

சொல்லியிருக்கலாம். அந்த வாக்கியத்தின் மீதிப் பாதியை நான் பிறகு சில இராத்திரி ஷிஃப்டுகளில் எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தபோது மணி நாலு. அம்மா பெட்டிகளை மேசையில் வரிசையாக வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடினார். அப்பா ஒரு நாற்காலியை இழுத்தார்.

"கை வைக்காதீங்க. அங்கிருந்து பேச்சு வரட்டும்."

"நம்ம வூட்டுல நாம சாப்புடறதுக்கு என்னா?"

"அவரு கட்டிக் குடுத்த சாப்பாடு. அவங்க பதிலு வராம தொறக்கக் கூடாது."

"வேணாம்னு சொல்லிட்டா?"

"அப்ப பூனைக்கு."

அப்பா நாற்காலியைத் திரும்பத் தள்ளினார். தேநீரில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றார். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு, இரண்டு மோட்டார்களையும் வெளியே தள்ளிக்கொண்டு போனார். சோப்புத் தூளும் தேய்ப்பானும் எடுத்துவந்து ஹாலின் எண்ணெய்க் கறையைத் தேய்க்க உட்கார்ந்தார். நான் தேய்க்கிறேன் என்றேன். "நீ தண்ணி ஊத்து" என்றார். ஊற்றினேன். கறை பாதிதான் போனது. தரை மட்டும் அந்த இடத்தில் மற்ற இடத்தைவிட வெளுப்பாகிவிட்டது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஏழு மணி வாக்கில் கைப்பேசி அதிர்ந்தது. முதலில் ஒரு படம். பெண்டாங் கடையின் மாடி, சாப்பாட்டு மேசை. வெள்ளைப் பெட்டி திறந்து காலியாக இருந்தது. அதன் மூடியில் மீன் முட்கள், பெரியது முதல் சின்னது வரை, ஒழுங்காக அடுக்கியிருந்தன. பக்கத்தில் பாதி குடித்த தண்ணீர்க் குவளை. மேசை ஓரத்தில் மூன்று ரப்பர் வளையம்.

அடுத்து அவள் எழுதியது வந்தது. 'அப்பா பொட்டலத்த அவுத்து மொதல்ல அவருதான் சாப்டாரு. ரெண்டாவது தடவ சோறு கேட்டாரு. மீன்ல உப்பு கம்மியாம். வர ஞாயிறு உங்க வீட்டுக்கு வராங்க. மோட்டார வெளிய எடுக்க வேணாம், உள்ளயே இருக்கட்டும்னு உங்கப்பாகிட்ட சொல்லச் சொன்னாரு.'

நான் படத்தை அம்மாவிடம் காட்டினேன். அவருக்குப் படிக்க எதுவும் தேவைப்படவில்லை.

"கை நனச்சிட்டாரா?" என்றார். சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழம்புப் பையை எடுத்து ரப்பர் வளையத்தை அவிழ்க்கப் பார்த்தார். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தார். அப்பவும் வரவில்லை. கத்தரிக்கோல் தேடினார்.

அப்பாவிடம் மோட்டார் விஷயத்தைச் சொன்னேன். அவர் வெளுத்துப்போன தரையைப் பார்த்தார். "மொதல்லயே சொல்லிருக்கக் கூடாதா அந்த மனுசன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே போய், இருட்டுவதற்குள் இரண்டு மோட்டார்களையும் உள்ளே தள்ளி, பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

அம்மா குழம்பைச் சுட வைத்தார். மோட்டார்களுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். மிஞ்சிய தலைத் துண்டை அம்மா அப்பாவின் தட்டில் வைத்தார். காலையிலிருந்து பிஸ்கட் மட்டும் தின்றிருந்தவர், சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்து, மென்று, கொஞ்சம் நிறுத்தினார். உப்பைப் பற்றி அவள் எழுதியதை நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "உப்பு மட்டும் கம்மி."